அமூர் சிறுத்தைக்கு இன்னொரு காடு: வரைபடம் எப்படி உருவாகிறது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதியைப் பற்றிப் பேசப்போகிறேன். திரையில் தெரிகிற இந்த ஒல்லியான நிலத்துண்டு தென்மேற்கு ப்ரிமோர்யே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சீன எல்லை. அமூர் சிறுத்தை ரஷ்யாவில் நிலையாக வாழ்வது இங்கே மட்டும்தான். 2000-களில் முப்பது, நாற்பது என்ற அளவுக்குக் குறைந்துபோயிருந்தது. 2012இல் இங்கே 'சிறுத்தையின் நிலம்' என்ற தேசியப் பூங்கா, சுமார் 2,600 சதுர கிலோமீட்டரில் வந்தது. இப்போது எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. எனக்கு இது பெரிய சந்தோஷம். ஆனாலும் எல்லாச் சிறுத்தைகளும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நோயோ ஒரு பெரிய காட்டுத்தீயோ போதும், எல்லாம் போய்விடும். அதனால் இரண்டாவதாக ஓர் இடம் வேண்டும். எங்கே? அதற்குத்தான் வாழிடப் பொருத்த மாடல், அதாவது ஒரு விலங்கு வாழ எந்த இடம் ஏற்றது என்று கணிக்கும் கணினிக் கணக்கு.

செய்முறை இதுதான்: சிறுத்தை இருந்த இடங்களைக் குறித்துக்கொள்கிறோம். பனியில் பதிந்த காலடித்தடமாக இருக்கலாம், கேமரா ட்ராப் (விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா) படமாக இருக்கலாம். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவு, காட்டின் வகை, பனி, சாலை எவ்வளவு தூரம் என்ற விவரங்களைக் கொடுக்கிறோம். மேக்ஸென்ட் மாதிரியான மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு பொருத்தம் என்று மதிப்பெண் போடுகிறது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத்தளத்தில் 19 காலநிலை அடுக்குகள், அதாவது வெப்பநிலை, மழை பற்றிய வரைபடங்கள், இலவசமாகக் கிடைக்கின்றன, எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். நம்மிடம் உள்ள தடங்கள் எல்லாம் இந்த ஒரு மூலையில் இருந்து வந்தவை. அப்போது மாடல் என்ன கற்றுக்கொள்ளும்? இந்த மூலையின் வெப்பநிலையும் மழையளவும்தான் சிறுத்தைக்குப் பிடித்தவை என்று கற்றுக்கொள்ளும். ஆனால் சிறுத்தை ஒருகாலத்தில் கொரியத் தீபகற்பத்திலும் வடகிழக்குச் சீனாவிலும் பரவி வாழ்ந்தது. வேட்டையும் காடழிப்பும்தான் அதை இங்கே ஒதுக்கின. அது தப்பிப் பிழைத்த இடத்தை அது விரும்பித் தேர்ந்த இடமாக நாம் எடுத்துக்கொண்டால், பழைய அநியாயத்தையே வரைபடமாகப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் சிறுத்தையின் வாழ்க்கைக்கு நேரடியாக வேண்டியவற்றைக் கேட்க வேண்டும். சிக்கா மான், ரோ மான், காட்டுப்பன்றி இருக்கின்றனவா? பனி ஆழமில்லாத தெற்குச் சரிவுகள் உண்டா? தீ எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. தென்மேற்கு ப்ரிமோர்யேயில் மனிதர்கள் வைக்கும் தீ திரும்பத் திரும்பப் பரவிக் காட்டைப் புல்வெளியாக்குகிறது. உணவுக்குப் பறிக்கிற பெரணி நன்றாகத் துளிர்க்கும் என்பதற்காகவும் வைக்கிறார்கள்.

தென்மேற்கு ப்ரிமோர்யேயின் பனித்தடங்களை வைத்து, சிறுத்தை மறைந்துபோன தெற்கு சிகோட்டே-அலின் மலைகள் பொருத்தமா என்று கணித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பொருத்தமான காடு அங்கே இருக்கிறது என்றது முடிவு. அந்த மலைகளில் உள்ள லாசோவ்ஸ்கி காப்பகப் பகுதியில் சிறுத்தைகளை மறுபடி விடும் திட்டத்துக்கு இப்படிப்பட்ட வேலைதான் அடித்தளம்.

அப்புறம் சரிபார்ப்பு. ஏயுசி (பொருத்தமான இடத்தை மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்ற மதிப்பெண், அதிகபட்சம் 1) 0.9 வந்துவிட்டது என்று கமெண்டில் சந்தோஷப்படுகிறீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளையே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் அந்த எண் உயர்ந்துதான் வரும். பகுதி பகுதியாகப் பிரித்து, மாடல் பார்த்திராத மலையில் சோதியுங்கள். கேமராக்கள் பாதையோரமாகவே இருந்தால் தரவில் வரும் அந்த ஒருபக்கச் சாய்வையும் சரிசெய்யுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணிக் கம்பி எந்த அடுக்கிலும் தெரியாது. பொருத்தமானது என்று மாடல் பச்சை நிறத்தில் காட்டும் சரிவுக்குக் குளிர்காலத்தில் ஆள் போய் மான் தடத்தை எண்ண வேண்டும், கண்ணிகளைத் தேடி எடுக்க வேண்டும். சிறுத்தையின் கூண்டைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.