தானாகவே கூடும் பெப்டைடில் நாம் வடிவமைக்க என்ன இருக்கிறது?

மன்னார்குடியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “பெப்டைடு தானாகவே ஒன்றுகூடி நானோ இழையாகிவிடும் என்கிறீர்களே அண்ணா, அப்புறம் நாம் வடிவமைக்க என்ன இருக்கிறது?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி இது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த சின்னச் சங்கிலி. வடிவமைப்பு அந்த வரிசையில் இருக்கிறதும்மா. எந்த அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில் எது என்பதை முடிவு செய்வதுதான் நம் வேலை.

ராடா-16 என்ற பெப்டைடைப் பாருங்கள். ஆர்ஜினின், அலனைன், அஸ்பார்டிக் அமிலம், அலனைன். இந்த நாலையும் நாலு தடவை கோர்த்தால் 16. ஆர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம், அஸ்பார்டிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம், அலனைனுக்குத் தண்ணீர் ஆகாது. சங்கிலி சுருளாமல் பீட்டா என்ற நீட்டிய அமைப்பில் நீளும்போது அமினோ அமிலங்களின் பக்கத்தொகுதிகள் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறி நிற்கும். அதனால் அலனைன் எல்லாம் ஒரு முகத்தில், மின்னூட்டம் உள்ளவை மறு முகத்தில். சரி, தண்ணீரில் போட்டால்? அலனைன் முகங்கள் தண்ணீருக்கு ஒளிந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்பு கோர்த்துக்கொண்டே போகும். சுமார் 10 நானோமீட்டர் அகலத்தில் ஓர் இழை வந்துவிடும். அதே 16-ஐ, எட்டு அலனைனும் முதலில், மற்றவை பின்னால் என்று கோர்த்தீர்களானால் அந்த இரண்டு முகமே கிடையாது.

அடுத்தது சூழல். இங்கே கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி பாலுக்கு ஒரு கரண்டி மோர் விட்டு உறை ஊற்றுவார்கள். பாலில் கேசின் என்ற புரதத்தின் துகள்கள் எதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு ஏற ஏற அந்த மின்னூட்டம் குறையும். பிஹெச் 4.6 வாக்கில் தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை, தயிராகிவிடும். ராடாவில் இது தலைகீழ். அமில நீரில் நேர் மின்னூட்டம் மிஞ்சி நிற்பதால் இழைகள் விலகியே கிடக்கும், கரைசல் சிரிஞ்சில் ஏறும். ரத்தம் பட்டதும் அமிலம் தணிந்து, உப்பும் சேர்ந்து, இழைகள் பின்னிக்கொண்டு கூழாகிவிடும். எண்டோஸ்கோபியில் ரத்தக்கசிவை நிறுத்த இதையே தடவுகிறார்கள். 97 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர் உள்ள பொருள் ரத்தத்தை அடைக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்தக் குடும்பத்தின் முதல் பெப்டைடு யீஸ்ட் புரதம் ஒன்றின் வரிசையிலிருந்து வந்தது. விஞ்ஞானி ஷுகுவாங் ஜாங்கின் குழு 1993-ல் வெளியிட்டது. இப்போது பெப்டைடின் நுனியில் ஆர்ஜினின்–கிளைசின்–அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றைச் சேர்த்துவிட்டால், செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். செயல் வேண்டுமென்றால் அதையும் வரிசையிலேயே எழுதிவிடலாம்.

புராஜெக்ட் செய்ய ஆசையிருந்தால் டைபினைல்அலனைனில் தொடங்குங்கள். வெறும் இரண்டு அமினோ அமிலம். அல்சைமர் நோயில் படியும் பீட்டா அமிலாய்டு என்ற புரதத்துண்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஜோடி. அது தண்ணீரில் நானோ குழாயாவதை 2003-ல் விஞ்ஞானிகள் மெய்டல் ரெச்சஸும் எஹுட் காசிட்டும் காட்டினார்கள். பெரிதாக வளர்ந்தவை கல்லூரி நுண்ணோக்கியிலேயே ஊசி ஊசியாகத் தெரியும். கரைக்கப் பயன்படும் ஃபுளோரின் கரைப்பான் கண்ணையும் தோலையும் அரித்துவிடும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்து, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.