ட்ரையல் பால்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

"ஒரே கேள்வியை மக்களிடம் இரண்டு தடவை கேட்பது ஜனநாயகமா?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்டவுடன் எல்லோருக்கும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் ஞாபகம் வரும். எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். முதல் பந்திலேயே ஸ்டம்ப்புக்கு வைத்த செங்கல் சாய்ந்துவிடும். மட்டை பிடித்தவன் இடத்தை விட்டு நகரமாட்டான். "டேய், இது ட்ரையல் பால்" என்பான். பந்து போட்டவன் சும்மா இருப்பானா? "சிக்ஸர் போயிருந்தா ட்ரையல்னு சொல்லியிருப்பியா?" என்பான். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது.

இன்று நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய அந்தப் பையன் கேட்ட கேள்விதான். மேடை ஏறிவிட்டதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை ஓரம் கட்டிவிடுவோம். நம் ஊரில் ஏதாவது ஒரு வாக்குச்சாவடியில் தகராறு நடந்தால் தேர்தல் ஆணையம் மறுவாக்குப்பதிவு நடத்தும். அங்கே தப்பாக நடந்த வாக்குப்பதிவைச் சரியாக நடத்துகிறார்கள். அதில் யாருக்கும் பேச்சில்லை. நாம் பேசுவது வேறு. வாக்குப்பதிவு ஒழுங்காக நடந்தது, எண்ணினார்கள், முடிவும் வந்தது. அப்புறமும் "இன்னொரு தடவை கேட்போமே" என்கிறார்கள். இது சரியா?

பிரிட்டனைப் பார்ப்போம். 2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? விலக வேண்டும் என்றவர்கள் 1.74 கோடி, இருக்கலாம் என்றவர்கள் 1.61 கோடி. சதவீதத்தில் 51.9, 48.1. ஒரே வீட்டுக்குள் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்திக்கொள்கிற அளவுக்கு நாடு நடுவில் பிளந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னக் கதை உண்டு. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒருவர் மனு ஒன்றைப் போடுகிறார். வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ஜெயித்த பக்கம் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது மனு. போட்டவர் விலகல் கட்சிக்காரர். தன் பக்கம் தோற்றுவிடும் என்ற பயத்தில் போட்டிருக்கிறார். முடிவு தலைகீழாக வந்தது. உடனே எதிர்த் தரப்பு ஓடிவந்து அதே மனுவில் கையெழுத்துப் போட ஆரம்பித்தது. 40 லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. மனு போட்டவர் "என் மனுவைக் கடத்திவிட்டார்கள்" என்று புலம்ப வேண்டியதாயிற்று.

அவர் மட்டும் இல்லை. விலகல் அணியின் முன்னணித் தலைவர் நைஜல் ஃபராஜ், வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு பத்திரிகையிடம் 52-க்கு 48 என்று முடிந்தால் விவகாரம் தீர்ந்ததாக ஆகாது என்று சொல்லியிருந்தார். தன் பக்கம் 48 வாங்கும் என்ற கணக்கில் சொன்னது. அந்த 52 தன் பக்கம் வந்ததும் விவகாரம் தீர்ந்துவிட்டது! விலகலை ஆதரித்த எம்.பி. டேவிட் டேவிஸ் கதை இன்னும் சுவை. மனதை மாற்றிக்கொள்ள முடியாத ஜனநாயகம் ஜனநாயகமே இல்லை என்று 2012-இல் ஒரு சொற்பொழிவில் முழங்கினார். நான்கு வருஷம் கழித்து, விலகலை நடத்தி முடிக்கும் பொறுப்புக்கு அமைச்சர் ஆனார். "சரி, மனதை மாற்றிக்கொள்ளலாமா?" என்று எதிர்த்தரப்பு அவர் சொன்னதையே அவரிடம் நீட்டியது. பதில் என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற பக்கமும் யோக்கியம் இல்லை. மறுபடி கேட்க வேண்டும் என்று லண்டன் தெருக்களை நிரப்பியவர்களில் எத்தனை பேர், 52-க்கு 48 என்று தாங்கள் ஜெயித்திருந்தால் அதே பதாகையைப் பிடித்திருப்பார்கள்? சிக்ஸர் போன பந்தை யாரும் ட்ரையல் என்று சொல்வதில்லை.

அதற்காக அவர்கள் வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2016-இல் "விலகல்" என்ற ஒரு சொல்லுக்குத்தான் வாக்குப் போட்டார்கள். விலகிய பிறகு ஐரோப்பாவின் சுங்க ஒன்றியத்தில் இருப்பார்களா, ஒற்றைச் சந்தையில் இருப்பார்களா, அயர்லாந்துக்கும் பிரிட்டனின் வட அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள எல்லையில் என்ன நடக்கும், இதெல்லாம் வாக்குச்சீட்டில் இல்லை. வீட்டை விற்கலாம் என்று குடும்பமே முடிவெடுத்தாலும், யாருக்கு, என்ன விலைக்கு என்று பத்திரம் வந்த பிறகு ஒரு தடவை எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவதில் தப்பில்லையே. 2019 ஏப்ரல் 1 அன்று, எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்ற யோசனை நாடாளுமன்றத்தில் 280-க்கு 292 என்று தோற்றது. வெறும் 12 வாக்கு. அந்த டிசம்பரில் தேர்தல். மறுபடி கேட்போம் என்ற கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதியைத் தாண்டும். ஆனால் 43.6 சதவீதத்தோடு, விலகல் பக்கம் நின்ற பிரதமர் போரிஸ் ஜான்சன் 365 இடங்களைப் பிடித்தார். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறியது. அதுவும் ஜனநாயகம்தான், இதுவும் ஜனநாயகம்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அயர்லாந்து. மறுபடி கேட்கும் கலையில் அவர்கள்தான் மூத்தவர்கள். அங்கே அரசமைப்பைத் திருத்த வேண்டுமானால் மக்களைக் கேட்டே ஆக வேண்டும். 2001 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பு. வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். வேண்டாம் என்றவர்கள் 5.29 லட்சம், வேண்டும் என்றவர்கள் 4.53 லட்சம். அரசாங்கம் அதிர்ந்துபோனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை 63 சதவீதம் ஆதரவு.

மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டாவது தடவை வேண்டாம் என்றவர்கள் 5.35 லட்சம். முதல் தடவையைவிடச் சில ஆயிரம் கூடுதல்! ஆனால் வேண்டும் என்றவர்கள் 4.53 லட்சத்திலிருந்து 9 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. முதல் தடவை வீட்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள். இந்த எண்களைப் பார்த்த பிறகு, முதல் வாக்கெடுப்புதான் மக்களின் உண்மையான குரல், இரண்டாவது மோசடி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டாவது தடவை கேள்வியும் அப்படியே இல்லை. அயர்லாந்தின் ராணுவ நடுநிலை போய்விடுமோ என்று பலருக்குப் பயம் இருந்தது. மக்களைக் கேட்காமல் ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்பு ஏற்பாட்டில் சேரக்கூடாது என்று திருத்தத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள்.

2008-இல் ஒன்றியத்தின் அடுத்த ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தத்தின்போது அதே கதை. 53 சதவீதம் வேண்டாம் என்றார்கள். வரி, கருக்கலைப்பு, நடுநிலை இவற்றில் ஐரோப்பா கை வைக்காது என்ற உத்தரவாதங்களை வாங்கிக்கொண்டு 2009 அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். 67 சதவீதம் ஆதரவு. நடுவில் வங்கிகள் சரிந்து நாடே கலங்கிக் கிடந்ததும் ஒரு காரணம்.

டென்மார்க் 1992-இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீதத்தில் நிராகரித்தது. நான்கு விஷயங்களில் விலக்கு வாங்கிக்கொண்டு 1993 மே மாதம் மறுபடி கேட்டார்கள், 56.7 சதவீதத்தில் ஏற்றது. அன்று இரவு கோபன்ஹேகனில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு. சிலருக்காவது தங்களை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. ஆனால் 2000-இல் யூரோ நாணயம் வேண்டாம் என்று அதே டென்மார்க் சொன்னது. இன்றும் அங்கே குரோனேதான்.

எல்லாம் சரி. எனக்கு உறுத்துவது ஒன்று. நீஸுக்கோ லிஸ்பனுக்கோ மாஸ்ட்ரிக்ட்டுக்கோ முதல் தடவையே "ஆம்" என்று வந்திருந்தால், அடுத்த வருஷம் "ஒருவேளை மனம் மாறியிருக்குமோ" என்று எந்த அரசாங்கமாவது கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. "இல்லை" என்பது அவர்களுக்கு நடுவழி நிறுத்தம், "ஆம்" என்பது கடைசி நிறுத்தம். பேருந்தும் அவர்களுடையது, விசிலும் அவர்கள் கையில்.

ஆகவே எத்தனை தடவை கேட்டோம் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. விசில் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். இதற்கு சுவிட்சர்லாந்து நல்ல உதாரணம். 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று வாக்கெடுப்பு. வாக்குப் போட்டவர்கள் ஆண்கள் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971-இல் மறுபடி கேட்டார்கள். ஏறக்குறைய அதே மூன்றில் இரண்டு பங்கு, இந்தத் தடவை வேண்டும் என்றது. "மக்கள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, மதித்து நடங்கள்" என்று 1959-ஓடு மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மகப்பேற்றுக்கால ஊதியம் இன்னும் மெதுவாக வந்தது. 1945-இலேயே அரசமைப்பில் இடம் கொடுத்தார்கள். 1984, 1987, 1999 என்று மூன்று தடவை மக்கள் நிராகரித்தார்கள். 2004-இல் ஏற்றுக்கொண்டார்கள். யாரும் துரோகம் என்று கத்தவில்லை. ஏனென்றால் அங்கே 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்து வாங்கினால் அரசமைப்பில் மாற்றம் கேட்டு யார் வேண்டுமானாலும் நாட்டையே வாக்குச்சாவடிக்கு இழுக்கலாம். நாடாளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளில் 50,000 கையெழுத்து போதும். தோற்றவன் திரும்ப வரலாம் என்பது ஜெயித்தவனுக்கும் முன்பே தெரியும். பந்து போடுவதற்கு முன்னாலேயே, "முதல் பந்து ட்ரையல், ரெண்டு பேருக்கும்" என்று பேசிக்கொண்டால் தெருவில் சண்டை வராது, இல்லையா?

விசில் ஒரே கையில் இருந்தால் ஒரு தடவை கேட்பதுகூட அநியாயமாக முடியும். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையில் 1982 டிசம்பர் 22. நாட்டின் ஒரே சர்வசன வாக்கெடுப்பு. 1977-இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், தேர்தலே இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்பது கேள்வி. ஆமென்றால் விளக்குச் சின்னம், இல்லையென்றால் குடம். ஜனாதிபதி ஜெயவர்தன அரசின் கையில் ஆறில் ஐந்து பங்கு இடங்கள் இருந்தன. தேர்தல் வைத்தால் அது போய்விடும். விளக்குக்கு 54.66 சதவீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். தேர்தல் இல்லாமல் நாடாளுமன்றம் நீண்டதுதான் மிச்சம். அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள் என்று சொல்ல அந்த மக்களுக்கு எந்த வழியும் இல்லை.

இளைஞர் ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "முதியவர்கள் இறந்து இளைஞர்கள் வாக்காளர்கள் ஆனால் முடிவு மாறுமே, அதற்காகவாவது மறுபடி கேட்கலாமா?" இந்த வாதம் பிரெக்ஸிட் நாட்களில் நிறையவே அடிபட்டது. தம்பி, என் வயதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களோ என்னவோ! (சிரிப்பு) எதிராளி சாகட்டும் என்று காத்திருப்பது அரசியல் இல்லை. ஆனால் ஒரு தலைமுறை எடுத்த முடிவு அடுத்த தலைமுறையை எவ்வளவு காலம் கட்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு காலக்கெடு வேண்டும், அது வாக்கெடுப்புக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அப்படி எழுதிவைத்த இடம் ஒன்று உண்டு, வட அயர்லாந்து. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று 1973-இல் ஒரு தடவை கேட்டார்கள். அயர்லாந்தோடு சேர விரும்பியவர்கள் புறக்கணித்துவிட்டார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்தது 98.9 சதவீதம். அந்த எண்ணை நம்பி ஒரு நாளாவது அமைதி வந்ததா? கால் நூற்றாண்டு ரத்தம் சிந்திய பிறகு 1998-இல் சட்டம் போட்டார்கள். அதன்படி எல்லை வாக்கெடுப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் நடத்தலாம், ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஏழு ஆண்டு இடைவெளி வேண்டும். படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தெருப் பையன்களே உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. இன்னொரு வரியில்தான் சறுக்குகிறது. ஐக்கிய அயர்லாந்துக்குப் பெரும்பான்மை கிடைக்கும்போல் தோன்றினால் வாக்கெடுப்பு வைக்க வேண்டுமாம். யாருக்குத் தோன்ற வேண்டும்? லண்டனில் இருக்கும் ஓர் அமைச்சருக்கு. எதை வைத்து அவருக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.