புகை மணக்கும் அட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

ஹென்றி ஃபோர்டு என்றால் கார்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1908இல் பிறந்த கவிஞர் சார்லஸ் ஹென்றி ஃபோர்டுக்கு இதுவே தொல்லை. கார் முதலாளியோடு தன்னைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 'ஹென்றி'யின் கடைசி ஆங்கில எழுத்தை மாற்றி, பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் 'ஆன்ரி' ஆனார். ஓர் எழுத்துத் திருத்தத்தில் ஆளே மாறிவிட்டார். பிற்காலப் பத்திரிகாசிரியர் அப்போதே வேலையைத் தொடங்கிவிட்டார் என்பேன்.

பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஆனால் 1929இல், கொலம்பஸ் என்ற சிறிய ஊரில் இருந்துகொண்டு 'புளூஸ்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். அமெரிக்கக் கவிஞர்கள் எஸ்ரா பவுண்டும் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸும் துணைநின்றார்கள். ஒன்பது இதழ்களோடு நின்றுபோனது. மூன்றாம் இதழிலேயே கடையை மூடியவன் நான். ஒன்பது எனக்குப் பெரிய எண்.

பிறகு பாரிஸ். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் தங்கியிருந்தபோது எழுத்தாளர் ஜூனா பார்ன்ஸின் 'நைட்வுட்' நாவலைத் தட்டச்சு செய்துகொடுத்தார். பிறர் எழுத்துக்கு விரல் நோக உழைப்பதும் அவருக்குக் கவிதைதான்.

இனி என் பிடித்தமான கதை. 1940இல் நியூயார்க்கில் 'வியூ' என்ற இதழைத் தொடங்கினார். போருக்குத் தப்பி பாரிஸிலிருந்து வந்த சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவின் தர்க்கத்தை விழிப்பில் தேடியவர்கள், அதில் கூடினார்கள். 1945 மார்ச் இதழ் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷானுக்கே உரியது, அட்டையும் அவருடையதே. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நட்சத்திர வானம். அதில் ஒரு ஒயின் பாட்டில். வாயிலிருந்து புகை கிளம்புகிறது. பாட்டிலில் ஒட்டியிருப்பது ஒயின் கம்பெனியின் சீட்டு அல்ல. துஷானின் இராணுவச் சேவைப் புத்தகத்தின் ஒரு பக்கம்! ஐரோப்பாவில் அப்போது போர் ஓயவில்லை என்பதை மறக்காதீர்கள்.

பின்னட்டையில் ஒரே ஒரு வாக்கியம். புகையிலைப் புகையில் அதை ஊதும் வாயின் வாசமும் கலந்து வரும்போது, இரண்டு வாசனைகளும் மயிரிழையிலும் மெல்லியதாய் ஒன்றையொன்று மணக்கின்றனவாம். பிரெஞ்சில் அது 'திருமணம் செய்துகொள்கின்றன' என்ற வினைச்சொல் மட்டுமே. தமிழிலோ மணமும் மணமும் ஒரே சொல். துஷானுக்குக் கிட்டாதது நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது! சுருட்டுப் பிடிக்கும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எது சுருட்டு, எது தாத்தா என்று அந்த வாசனையைப் பிரிக்கவே முடியாது. வீடு முழுக்க அந்த மணம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்படி ஓர் அட்டையை அச்சுக்கு அனுப்பத் துணிவு வேண்டும். ஃபோர்டின் சொந்தக் கவிதைகளைவிட அவர் தொகுத்த இந்தப் பக்கங்களே அவருடைய சிறந்த கவிதை என்பது என் கட்சி. சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்திரே பிரெத்தோனின் கவிதைகளை 1946இல் ஆங்கிலத்தில் நூலாக்கியதும் வியூ பதிப்பகமே. அதன் அட்டையில் சுதந்திர தேவி சிலைக்கு பிரெத்தோனின் முகம்! 1947இல் இதழ் நின்றது.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். சுவரொட்டிக் கவிதைகள், 'ஜானி மினோட்டார்' படம், ஓவியர் ஆண்டி வார்ஹோல் நட்பு எல்லாம் குறிப்பேட்டிலேயே கிடக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நூல்களில் அவர் பிறந்த ஆண்டு வெகுகாலம் 1913 என்றே இருந்தது. 2002இல் நியூயார்க்கில் 94 வயதில் இறந்தார்; அந்தக் கணக்குப்படி 89.

வணக்கம்.