புதுக்கோட்டைய ஒரு டீயோட தாண்டிப் போயிடாதீங்க மக்களே

வணக்கம் மக்களே, இப்ப நான் புதுக்கோட்டை பக்கத்துல நார்த்தாமலையில மேலமலை மேல நிக்கிறேன், பின்னாடி தெரியுதே அதுதான் விஜயாலய சோழீச்சரம். திருச்சியிலருந்து காரைக்குடி ராமேஸ்வரம்னு போற ஜனங்க புதுக்கோட்டையில ஒரு டீ குடிச்சிட்டு அப்படியே கெளம்பிடுறாங்க, அந்த ஆதங்கத்துலதான் இந்த வீடியோவே போடுறேன்.

இந்தக் கோயில் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு நூறு வருஷத்துக்கும் மேல மூத்தது. வெளிய பாத்தா சதுரம், ஆனா உள்ள கருவறை வட்டமா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல சுத்தி வர்றதுக்கு வழி விட்டிருக்காங்க. சாத்தன் பூதிங்கிற முத்தரையர் குலத் தலைவர் கட்டுன கோயில் மழையில இடிஞ்சு போச்சு, மல்லன் விடுமன்னு ஒருத்தர் திரும்ப எடுத்துக் கட்டினாருன்னு கல்வெட்டு இங்கயே இருக்கு, மழைக்கு இடிஞ்சதையும் எடுத்துக் கட்டுனவர் பேரையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க பாருங்க! எதிர்ல பாறையைக் குடைஞ்சு செஞ்ச குடைவரைக் கோயில்ல ஆளுயரத்துக்கு 12 பெருமாள் வரிசையா நிக்கிறார், அதையும் பாக்காம இறங்காதீங்க. ஏறி வர்ற வழியில ஒரு சுனை வரும், அந்தத் தண்ணிக்கு அடியில லிங்கத்தோட ஒரு குடைவரையே இருக்கு.

அடுத்து சித்தன்னவாசல். அறிவர் கோயில்ங்கிற சமணக் குடைவரை மண்டபத்துல தலைய தூக்கிப் பாருங்க, தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆளுங்கன்னு எல்லாம் 9ம் நூற்றாண்டு ஓவியம், பாண்டியர் காலத்துது. ஏற்கனவே நெறைய அழிஞ்சு போச்சு, மிச்சம் இருக்குறதுலயாவது தயவுசெஞ்சு கைய வைக்காதீங்க, பேரெல்லாம் கிறுக்காதீங்க. அதே குன்றுல கொஞ்சம் ஏறுனா ஏழடிப்பட்டம், சமண முனிவர்கள் படுத்த 17 கல்படுக்கை தலையணை மாதிரி மேட்டோட வழவழன்னு இருக்கும், தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கு, ரெண்டாயிரம் வருஷப் பழசு.

குடுமியான்மலையில இசைக் கல்வெட்டு, ஸ்வரங்களையே பாறையில வெட்டி வச்சிருக்காங்க, இசை படிக்கிற பிள்ளைங்கள கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. மயில் பாக்கணும்னா விராலிமலை, காலையிலயே போயிடுங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கலாம்னு மட்டும் பிளான் போடாதீங்க, பாறையெல்லாம் பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பிச்சிடும், மேல கடையும் கிடையாது, தண்ணி கையோட எடுத்துக்கங்க. நார்த்தாமலைக்கு மட்டும் ஒரு முழு காலைப்பொழுது ஒதுக்குங்க. நான் இப்ப இறங்கி திருமயம் போறேன், 1687ல ராமநாதபுரத்த ஆண்ட கிழவன் சேதுபதி கட்டுன கோட்டை, அதுக்குத் தனி வீடியோவே வேணும், அடுத்ததுல பாப்போம்.