காயின் மாவு, கனியின் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

வாழைப்பழத்தில் எவ்வளவு சர்க்கரை என்று யாராவது கேட்டால், எத்தனை நாள் பழம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். முற்றிய பச்சைக் காயில் 100 கிராம் சதைக்கு ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை ஒன்றிரண்டு கிராம்தான். தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குக் கனிந்தபின் கணக்கு தலைகீழாகிவிடும். நொதிகள் மாவை உடைத்துச் சுக்ரோஸ் என்ற சர்க்கரையாக்குகின்றன; அதில் ஒரு பங்கு பிறகு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிங்சர் அயோடினில் ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, குறுக்கே நறுக்கிய வில்லையின்மேல் சில சொட்டு விடுங்கள். காய் என்றால் கருநீலமாகும். நன்றாகக் கனிந்தது அயோடினின் பழுப்பிலேயே நிற்கும். செங்காய் திட்டுத்திட்டாகக் காட்டும். சோதித்த வில்லையைத் தின்னாமல் குப்பையில் போடுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் பல நேரம் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். தோல் மஞ்சளாக மின்னும், உள்ளே மாவு அப்படியே இருக்கும். அதனால்தான் சப்பென்று இருக்கிறது. கார்பைடுக்கு நம் நாட்டில் தடை உண்டு. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானாகவே விடும் வாயுவும் அதுதான். காயைக் குளிர்பெட்டியில் வைப்பதும் தவறு. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், கனிவது நின்றுபோகும்.

திராட்சை வேறு சாதி. கொடியில் ஏறிய இனிப்போடு சரி, பறித்தபின் கூடாது. வாங்கும்போது கொத்தின் அடிநுனிப் பழத்தைச் சுவைத்துப் பாருங்கள். கடைசியாகப் பழுப்பது அது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் விஷயம் அடுப்பில் நடக்கிறது. அதிலுள்ள நொதி, வெந்து இளகும் மாவை மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரைதான் அதற்கு நல்ல காலம்; அதற்குமேல் சூடேறினால் செயலிழந்துவிடும். குக்கரில் நாலு விசில் விட்டால் கிழங்கு அந்த எல்லையைச் சில நிமிடத்தில் தாண்டிவிடும். வேகும், ஆனால் இனிப்பு குறையும். முழுக் கிழங்கைப் பச்சைத்தண்ணீரில் போட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். தணலில் சுட்ட கிழங்கு தித்திப்பதும் மெல்லச் சூடேறுவதால்தான்.

‘இயற்கைச் சர்க்கரைதானே’ என்று சாறு பிழிந்து குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் 16 முதல் 20 கிராம் சர்க்கரை வரும். சுளையாகத் தின்றால் மெல்ல நேரமாகும், நாரும் கூடப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதலில் பழச்சாற்றுச் சர்க்கரையை, நாம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரையோடுதான் எண்ணுகிறது.

கடைசியாக உருளைக்கிழங்கு. குளிர்பெட்டியில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். வறுக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கருகிக் கசப்பது அதனால்தான். தீயைக் குறைத்தால் மட்டும் இது முழுதாகத் தீராது. அப்படிப்பட்ட கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில், அறை வெப்பத்தில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். சர்க்கரையில் ஒரு பகுதி திரும்பவும் மாவாகும். அவசரமென்றால் அன்றைக்கு வறுவலை விட்டுவிட்டு மசாலா செய்துவிடலாம்.

வணக்கம்.