நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள்

வணக்கம் மக்களே. மதுரை அண்ணா நகர்ப் பக்கம் நடந்துகொண்டே பேசுகிறேன், பின்னால் ஷேர் ஆட்டோ சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் இங்கே ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கினார், பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள், அதில் முடியாதவர்களுக்கு இலவசமாக ஆபரேஷன் நடக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையில் எல்லோரும் ஒரே வரியில் தாண்டிப் போகிற ஒரு இடம் இருக்கிறது: வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம பக்கத்தில் நகை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒரு பெண்ணுக்கு, இது என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது பல வீடுகளில் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம், திடீரென்று வரும் கஷ்டம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் நம்பி இருப்பார்கள். அதைக் கழற்றி, யாரென்றே தெரியாத கிராமத்துக் கிழவிக்குக் கண் தெரிய வேண்டும் என்று கட்டடம் எழுப்பக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது.

டாக்டர் வெங்கடசாமி இழந்ததும் சாதாரணமில்லை. 1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர். சொந்தக்காரப் பெண்கள் பிரசவ நேரத்தில் இறந்துபோனதைச் சின்ன வயதில் பார்த்ததால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார், முடக்குவாதம் வந்தது, மாதக்கணக்கில் படுக்கை, விரல்கள் எல்லாம் கோணிப்போயின. பிரசவம் பார்க்க அந்தக் கைகள் ஒத்துவரவில்லை என்று கண் மருத்துவத்துக்கு வந்தார், தன் விரல்களுக்கு ஏற்ற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பி தங்கைகளைக் கரைசேர்த்தது மூத்தவரான அவர்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வருகிறது, மரியாதையோடுதான் கேட்கிறேன். அந்தக் கனவு அண்ணனுடையது. ஆனால் தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும், நம்பெருமாள்சாமியின் சகோதரி விஜயலட்சுமியும் அவர் கணவரும், எல்லோருமே கண் மருத்துவர்கள், வெளியே போயிருந்தால் நிறையச் சம்பாதித்திருப்பார்கள், அத்தனை பேரும் இதற்குள் வந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டட வேலையைத் தோளில் போட்டுக்கொண்டார், கையில் பணம் சேரச் சேர மாடி மாடியாக எழுப்பினார்கள். நம் வீடுகளில், தன்னை வளர்த்து ஆளாக்கிய அண்ணன் ஒன்று கேட்டால் அதற்கு முடியாது என்று சொல்ல வாய் வருமா? அன்பும் நன்றிக்கடனும் எங்கே முடிகிறது, சொந்த விருப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்த வயதில் யாராலும் பிரித்துப் பார்க்க முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இதனால் அவர்கள் கொடுத்தது குறைந்து போகாது. எனக்கு அது இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது.

அப்புறம் சிஸ்டர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், அந்தப் பயிற்சி முறையை உருவாக்கியதில் நாச்சியாருக்குப் பெரிய பங்கு உண்டு. பார்வை பரிசோதிப்பது, சொட்டு மருந்து விடுவது, ஆபரேஷனுக்குத் தயார்செய்வது, முடிந்ததும் கட்டுப்போட்டு அழைத்துப் போவது எல்லாம் இவர்கள். டாக்டர் ஒரு மேஜையில் ஆபரேஷனை முடித்துத் திரும்பும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இத்தனை பேருக்கு இவ்வளவு குறைந்த செலவில் பார்வை கிடைப்பதற்கு இதுதான் முக்கியமான காரணம், ஆனால் பாராட்டு விழா மேடையில் இந்தப் பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முகாம் மூலமாகத்தான் நடந்தது. முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்தாலும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-ல் அரவிந்த் தரப்பில் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள்ளேயே வைக்கும் உள்விழி லென்ஸைக் குறைந்த விலையில் செய்த பிறகு ஏழைகளுக்கும் அது கிடைத்தது, அப்பத்தாவுக்கும் அதைத்தான் வைத்தார்கள். டாக்டர் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, என்னை ஆத்தா என்றுதான் கூப்பிட்டாள் என்று அந்த சிஸ்டரைப் பற்றி மட்டும் இன்னும் சொல்வார்.

சரி, அடுத்த வீடியோவுக்கு உங்கள் உதவி வேண்டும். அங்கே பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கும் சிஸ்டர்கள் உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருந்தால், அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் பெருமையை நான் கேட்கப் போவதில்லை. முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார்கள், திருவிழாவுக்கு ஊருக்கு வர லீவு கிடைத்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த நாளில் யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், இதையெல்லாம்தான் கேட்க வேண்டும்.