மலைத் தோட்டத்தில் பெரிப் பழங்களும் ராட்சதப் பூசணியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே மலையில் தோட்டம் போடுபவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இரவுக் குளிரையே. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் பாத்தி தப்பிக்க, சற்றே தாழ்வான பாத்தி உறைபனியில் கருகுவது இதனால்தான்.

பெரி வகைகள் குளிரோடு ஒத்துப்போகக்கூடியவை. வடபுலத்து உயர்புதர்ப் புளூபெரி குளிர்காலத்தில் 800 முதல் 1,000 மணி நேரம் குளிரில் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். ஆனால் அதற்கு pH எனப்படும் அமில-கார அளவு 4.5 முதல் 5.5 வரை உள்ள அமில மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். அத்தகைய மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிடத் தொட்டியில் வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து. ராஸ்பெரியில், புதுத் தண்டில் இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகைகளைப் பனி முந்திக்கொள்ளக்கூடும். முந்தைய ஆண்டுத் தண்டில் கோடையில் காய்ப்பவற்றையே நான் பரிந்துரைப்பேன். ஸ்ட்ராபெரிக்கோ, பூத்தபின் வரும் ஓரிரவு உறைபனியே பெரும் பகை. மறுநாள் இதழ்கள் வெள்ளையாகவே இருக்கும். நடுவிலுள்ள மஞ்சள் மேடு மட்டும் கறுத்திருக்கும். அந்தப் பூ காய்க்காது. வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலைகளில், பொழுது சாயும் முன்பே துணி போர்த்திவிட வேண்டும்.

குளிரைத் தாங்குவதில் ராட்சதப் பூசணி பெரி வகைகளுக்கு நேர்மாறு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கிய 'அட்லாண்டிக் ஜயண்ட்' வகையின் வழிவந்த காய்கள், இன்று உலகப் போட்டிகளில் 1,200 கிலோவைத் தாண்டுகின்றன. அதற்கு விதைப்பிலிருந்து நான்கு மாதங்களுக்கு மேல் தேவை. உயர்ந்த மலைகளிலோ உறைபனியற்ற காலம் மூன்று மாதங்கள்கூட நீடிப்பதில்லை. ஆகவே தடித்த விதையின் விளிம்பை மெல்ல உரசி, ஊறவைத்து, ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் வீட்டுக்குள்ளேயே முளைக்கச் செய்வதும், கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் மண்ணை முன்கூட்டியே சூடேற்றிய பிறகு நடுவதும் கட்டாயம். நட்ட நாற்றின் மேல் சிறு கூடாரம் அமைத்து, உள்ளே நீர் நிறைத்த கறுப்புப் பீப்பாயை வைத்தால், பகலில் வாங்கிய வெப்பத்தை அது இரவில் மெல்ல விடுவிக்கும். மறுநாள் பாசனத்துக்கும் அந்த நீரே ஏற்றது. சில்லென்ற ஓடைநீர் வேரைச் சுணங்க வைக்கும்.

குளிர்ந்த காலைகளில் தேனீக்கள் தாமதமாகவே புறப்படுவதால், மகரந்தச் சேர்க்கையைக் கையால் செய்வதே உறுதியான வழி. விடியற்காலையில் ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சு தாங்கி நிற்கும் பெண்பூவின் சூல்முடியில் மடல்தோறும் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பிறகு கொடிக்கு ஒரே காயை விட்டு, கணுக்களுக்கு மண் அணைத்தால் அங்கெல்லாம் வேர் இறங்கும். மலை வெயில் கடுமையானது. நிழல் இல்லாவிட்டால் தோல் இறுகி, காய் பெருக்கையில் வெடித்துவிடும். வெடித்த காயைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள்.

முதல் உறைபனியில் இலைகள் வாடியதும் வளர்ச்சி நின்றுவிடும். அதற்குமேல் காயைக் கொடியில் விட்டுவைப்பதால் பயனில்லை. கடும்பனி பட்ட சதை விரைவில் அழுகத் தொடங்கும்.